பூசி மறைப்பதற்கு முன்

கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை உடைத்து, மேலே ஒரு இரும்பு கர்டர் கொடுத்து வீட்டை இழுத்துக் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சந்தேகம் கேட்டால், "எட்டு இன்ச் கர்டர் சார், ஒண்ணும் ஆகாது" என்பார் மேஸ்திரி. கர்டர் அளவில் அது பெரும்பாலும் சரிதான். ஆலையில் உருட்டிய இரும்பு நடுவில் ஒடிவது அபூர்வம். வம்பு வருவது அது சுவரில் உட்காரும் இடத்திலும், இன்னொரு இரும்போடு சேரும் இடத்திலும்தான்.

ஆனாலும் எட்டு இன்ச்தானா என்று டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். 200 மி.மீ. கர்டர் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, 150 மி.மீ. கர்டர் 15 கிலோ. இரும்புக்கு எடைக்குத்தான் விலை என்பதால் மாற்றிப் போட ஆசை வரும். எடையில் குறைவது ஐந்தில் இரண்டு பங்கு. விறைப்போ மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும்.

கர்டர் முனையில் 3 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடத்தில் செங்கல்மேல் நேரடியாக உட்கார்ந்தால் சதுர செ.மீ.க்கு 30 கிலோ. சாதாரண நாட்டுச் செங்கல் 35 கிலோவில் நொறுங்கும். அந்தக் கல்லால் கட்டிய சுவருக்கு அனுமதிக்கும் பாரம் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். கீழே 23 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் கான்கிரீட் பெட் பிளாக் வைத்தால் அதே 3 டன் பரவி 2 கிலோ சொச்சமாகிவிடும். இதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். இடைவெளியில் ஓட்டுச் சில்லையும் மரத்துண்டையும் செருகி, சிமென்ட் அப்பி முடித்துவிடுகிறார்கள். மரம் காய்ந்தால் சுருங்கும். சில்லு உடையும்.

அடுத்தது வெல்டிங். கட்டடத்து இரும்புக்கான ஐ.எஸ். 800 (2007) விதியில் சுவையான ஒரு கணக்கு இருக்கிறது. இரும்பு நெகிழத் தொடங்கும் வலிமையை 1.1ஆல் வகுத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. பட்டறையில் போட்ட வெல்டிங் என்றால் 1.25. வேலை நடக்கும் இடத்திலேயே போட்டது என்றால் 1.5. ஏணிமேல் நின்று, தலைக்கு மேலே கையை நீட்டி வெல்டிங் அடிப்பவரை விதி எழுதியவர்களே முழுதாக நம்பவில்லை! ஈரம் ஏறிய ராடு என்றால் அந்த ஈரம் ஹைட்ரஜனாகப் பிரிந்து உலோகத்துக்குள் புகும். துளை விழும், சில சமயம் விரிசலும் விடும்.

ஆகவே கசடைத் தட்டி எடுத்த பிறகு, ரெட் ஆக்சைடு அடிப்பதற்கு முன் பாருங்கள். இணைப்பு நெடுக ஒரே சீராக ஓடியிருக்கிறதா, அங்கங்கே டேக் மட்டும் வைத்திருக்கிறார்களா என்பது கண்ணுக்கே தெரியும். சந்தேகம் என்றால் சிவப்புச் சாயச் சோதனை இருக்கிறது. சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால், மேற்பரப்பு விரிசலுக்குள் போன சாயம் கசிந்து சிவப்புக் கோடாக எழும். உள்ளே புதைந்த குறையை இது காட்டாது.

குறை தெரிந்தால் மேலேயே இன்னொரு தடவை வெல்டிங் இழுத்து மூடுவார்கள். அதற்கு விடக்கூடாது. அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வரைபடம் போட்ட இன்ஜினீயர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை கர்டருக்கு அடியில் தற்காலிகமாகக் கொடுத்த முட்டுகளையும் எடுக்க வேண்டாம், அந்தத் தவணைப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். படம் எடுத்து வைப்பது வாய்ச்சண்டையைப் பாதியாகக் குறைக்கும்.

முட்டு எடுக்கிற அன்று கர்டருக்கு அடியில் முனைக்கு முனை ஒரு நூல் கட்டுங்கள். 4.5 மீட்டர் கர்டர் பாரம் ஏறியதும் சில மி.மீ. தொய்வது இயல்பு, 15 மி.மீ.க்கு மேல் என்றால் கேள்வி கேட்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இரும்பு தொய்ய வேண்டியதை அப்போதே தொய்ந்துவிடும், நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு போகாது. மாதங்கள் கழித்தும் மேல்சுவரில் விரிசல் நீண்டுகொண்டே போனால் கர்டரின் நடுப்பகுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் முட்டுக் கொடுங்கள். பிறகு கர்டர் உட்காரும் இரண்டு முனைகளிலும் பூச்சைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.