முறைப்பாட்டுக்கு ஒரு பிரதி வேண்டும்

யாழ்ப்பாணத்தில் பூட்டிய கேற்றுக்குள் பற்றை மண்டிக் கிடக்கும் வளவுகளுக்குக் குறைவில்லை. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். கூரை போன வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் மாரி மழை தேங்கி நிற்கும். சிரட்டையிலும் பழைய டயரிலும் நுளம்பு பெருகும். அயலவர் விதானையாரிடம் வாயால் சொல்வார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கண்டால் அவரிடமும் சொல்வார். பிறகு, சொல்லியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற மனக்குறைதான் மிஞ்சும். சட்டம் இல்லாமலில்லை. வளவில் நுளம்பு பெருக இடம் கொடாதிருப்பது உரிமையாளரதும் குடியிருப்பவரதும் கடமை என்கிறது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அனுமதியில்லாக் கட்டடங்களைக் கேள்வி கேட்க 1915ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் உண்டு. இல்லாதது, பல வேளைகளில், உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுத்தில் ஒரு முறைப்பாடு.

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. இவற்றின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் உறுப்பினர்கள் இல்லை, அலுவலகங்கள் மட்டும் இயங்கின. உறுப்பினரின் காதில் போட்ட பேச்சு அவரோடு போய்விடும். கோப்பில் ஏறிய கடிதம் அங்கேயே கிடக்கும். ஆகவே வளவின் விலாசம், சோலைவரி இலக்கம் தெரிந்தால் அதுவும், கண்டது என்ன, எந்தத் திகதியில் என்பவற்றை எழுதி, படங்களையும் இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்க வேண்டும்.

வேலிப் பகையைத் தீர்க்கத்தான் முறைப்பாடு பயன்படும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பகைக்கு வாய்ப்பான இடம் வாய்ப்பேச்சே. எழுத்தில் வந்ததை அதிகாரி நேரில் பார்த்து அறிக்கையிட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அறிவித்தலும் திருத்த அவகாசமும் கிடைக்க வேண்டும். அவர் இணங்காவிட்டால் முடிவு சொல்வது நீதவான். காணி எல்லை யாருடையது என்பதைச் சபை தீர்க்காது. அதற்கு இணக்கசபையும் மாவட்ட நீதிமன்றமும் உள்ளன.

எழுதியும் அசையாத சபையை என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கையையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்கலாம். வழங்குவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பொதுத் தொல்லையானால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, அதை அகற்றுமாறு நீதவானே நிபந்தனைக் கட்டளையிடலாம். சாமானியர் எழுதி என்ன ஆகும் என்போர் சுன்னாகத்தைப் பார்க்கட்டும். கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2015இல் தாக்கலான அடிப்படை உரிமை மனு மீது, 2019 ஏப்ரலில், அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர நான்கு ஆண்டுகள் சென்றன. மாசடைந்த நிலத்தடி நீருக்கு அது தாமதந்தான். ஆனாலும் அங்கே நின்று பேசியவை நீர்ப் பரிசோதனை அறிக்கைகளும் ஆவணங்களுமே. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒருவர் வளவுக் கழிவு அடுத்தவர் கிணற்றை எட்ட அதிக காலம் எடுக்காது. அயலவரின் முகம் கோணுமே என்று தயங்கும் வீட்டுக்காரர், தன் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து, அந்த அறிக்கையோடு சபைக்கு எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.