அந்தப் பந்தைக் கேட்டிருக்கலாமே

இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. “முப்பது விநாடிக்குள் அதை அவனிடமிருந்து வாங்கு.” மற்றவனுக்கு இவ்வளவுதான் கட்டளை. அடுத்த நொடியே மல்லுக்கட்டு தொடங்கிவிடுகிறது. கையை முறுக்குகிறான், விரலைப் பிரிக்கிறான், கழுத்தை வளைக்கிறான். பந்துக்காரன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உருளுகிறான். நேரம் முடிந்ததும், நடத்துபவர் ஒரு கேள்வி கேட்கிறார்: “பந்தைக் கொடு என்று ஏன் யாருமே கேட்கவில்லை?” கேட்டால் தன்னைக் கோழை என்று நினைப்பான், கொடுக்கவும் மாட்டான் என்கிறான் இவன். உடனே அவர் பந்துக்காரன் பக்கம் திரும்புகிறார். அவன் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான் அவன், பெரும்பாலும்.

இது நடப்பது அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளில். நகரின் தெற்கிலும் மேற்கிலும் வேலையும் வருமானமும் வற்றிப்போன பகுதிகள் உண்டு. கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் அதிகம் வாழும் இடங்கள். 1924 முதல் அந்நகரில் இயங்கிவரும் ‘யூத் கைடன்ஸ்’ என்ற தொண்டு நிறுவனம், அப்பகுதிப் பையன்களுக்காக ‘பிகமிங் எ மேன்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆன்டனி ராமிரெஸ்-டி விட்டோரியோ என்பவர் 2001இல் தொடங்கியது அது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் பள்ளி நேரத்திலேயே, பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்கிறார்கள். ஒரு பாடவேளையிலிருந்து தப்பிக்கலாமே என்று வருகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை, வந்தால் போதும். உடம்பும் மனசும் இன்று எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் அன்றைய பயிற்சி தொடங்கும். 2013இல் ஒபாமா அமெரிக்க அதிபராக இருந்தபோது இப்படியொரு வட்டத்தில் வந்து உட்கார்ந்து, தகப்பன் இல்லாமல் தான் வளர்ந்த கதையைப் பேசினார்.

பந்தை வைத்து விளையாடினால் அந்தப் பகுதிகளில் நடக்கும் கொலை குறையுமா? நியாயமான சந்தேகம். அதற்கு முதலில் அந்தக் கொலைகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். திட்டம் தீட்டிச் செய்யும் கொலையும், போதைப்பொருள் கும்பல்களின் போரும்தான் நம் மனத்தில் சட்டென்று வருகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருளியலாளர் ஜென்ஸ் லுட்விக் சொல்வது வேறு: பெரும்பாலான துப்பாக்கிச் சூடுகள் வாக்குவாதத்தில் தொடங்குகின்றன. முறைத்துப் பார்த்தான், தோளில் இடித்தான், நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டான். இடுப்பில் துப்பாக்கி இருந்ததால் அது சாவில் முடிந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் பழமொழி. லுட்விக்கும் அவருடைய சகாக்களும் எழுதியதைப் படித்த பிறகு, இந்தப் பழமொழியை அந்தப் பையன்கள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. வசதியான தெருவில் வளரும் பிள்ளையிடம் ஒருவன் கைப்பேசியைப் பிடுங்கினால், அவன் கொடுத்துவிட்டுக் காவல்துறையைக் கூப்பிடலாம். பள்ளியில் ஆசிரியர் ‘வாயை மூடு’ என்றால் மூடிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் ஒரே பதில் செல்லும்: பணிந்து போ. ஏழைத் தெருவில் வளர்பவனுக்கு அந்த வசதி கிடையாது. இன்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் அவனிடம் வருவார்கள். ஆகவே எதிர்த்து நில் என்று அவன் உடம்பே பழகிக்கொள்கிறது. யோசிக்க நேரமில்லாத இடத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்யும், உங்களுக்கும் எனக்கும்கூட. வகுப்பறைக்குள் நுழைந்த பிறகும் அதே பதில் தானாக எழும்போதுதான் வம்பு. அவனிடம் நாம் எதிர்பார்ப்பது, வசதியான பிள்ளையிடம் ஒருபோதும் எதிர்பார்க்காத ஒன்று: நொடிக்கு நொடி இடத்தை எடைபோட்டு இரண்டு பதில்களில் ஒன்றைப் பொறுக்கு என்கிறோம்.

அதனால் இந்தத் திட்டம் ‘சண்டை போடாதே’ என்று உபதேசிப்பதில்லை. அப்படிச் சொல்பவரைப் பையன்கள் நம்பவும் மாட்டார்கள். எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று நீ முடிவு கட்டினாயே, அது சரிதானா என்று ஒரு கணம் நின்று பார்க்கப் பழக்குகிறது, அவ்வளவுதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் சாரமே இதுதான். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அந்த முறை மருத்துவ அறையை விட்டுப் பள்ளிக்கு வந்திருக்கிறது.

பலித்ததா என்பதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறாராகச் சோதித்தார்கள். 2009-10 கல்வியாண்டில் 18 பள்ளிகளைச் சேர்ந்த 2,740 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். பையன்களின் வாய்மொழியை நம்பாமல் காவல்துறைப் பதிவையும் பள்ளிப் பதிவையும் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு குழுவிலும் இதைச் செய்தார்கள். இரண்டிலுமாக, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாக் கைதுகளையும் சேர்த்தால் 28 முதல் 35 சதவீதம். முதல் குழுவில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களின் விகிதமும் 12 முதல் 19 சதவீதம் கூடியது. முதல் ஆய்வில் ஒரு மாணவன் சராசரியாக வந்தது 13 அமர்வுகளுக்குத்தான். பதின்மூன்று மணி நேரம்! ஒரு பிள்ளையின் ஆண்டை இவ்வளவு சிறிய காலம் திருப்பியிருக்கிறது என்பது என்னை இன்னமும் மலைக்க வைக்கிறது.

காரணம் அந்த ஒரு கண நிதானம்தானா என்று அறிய ஒரு பண விளையாட்டை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் மாணவனின் பங்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறான். இப்போது இவன் முறை. பதிலடியை முடிவு செய்ய, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். சிகாகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தின் சிறார் தடுப்பு இல்லத்தில் இதே வகைப் பயிற்சி தந்தபோது, திரும்ப அங்கே வந்து சேர்வோர் 21 சதவீதம் குறைந்தார்கள். வாழ்க்கையில் ஒரு பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கே இருக்கவே மாட்டார்கள் என்று அவ்வில்ல ஊழியர் ஒருவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் ஆய்வில், திட்டம் முடிந்த பிறகு வன்முறைக் கைதுகளில் கண்ட குறைவு நிலைக்கவில்லை. பழைய தெருவுக்கே திரும்பிப் போகிறவனைப் பழைய பதிலும் வந்து பிடித்துக்கொள்கிறது போலும்.

எது நிலைக்கும் என்பதற்கு ஒரு துப்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. 2003 வரை உள்நாட்டுப் போரில் வெந்த லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், ஜான்சன் போர் என்பவரும் அவருடைய உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் திருட்டிலும் அடிதடியிலும் காலம் தள்ளிய தெருவோர இளைஞர்களுக்கு இதே சிகிச்சை முறையில் எட்டு வாரப் பயிற்சி தந்துவந்தார்கள். கற்பித்தவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். முடி வெட்டிக்கொள்வது, சுத்தமான உடை உடுத்துவது, வங்கிக்குள் போய்த் தயங்காமல் பேசுவது எல்லாம் அதில் பாடம். கிறிஸ்டோபர் பிளாட்மேனும் சக ஆய்வாளர்களும் 999 ஆண்களிடம் குலுக்கல் போட்டுச் சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள், சிலருக்கு எதுவுமில்லை. பணம் மட்டும் பெற்றவர்களிடம் நீடித்த மாற்றம் இல்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேய்ந்தது. இரண்டும் பெற்றவர்களிடம் குற்றமும் வன்முறையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பத்து ஆண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோதும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. அந்தப் பணத்தில் தொடங்கிய சிறு வியாபாரம் பலருக்கு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. ஆனால் அது ஓடிய சில மாதங்கள், திருடாமல் பிழைக்கும் மனிதனாக அவர்கள் பழகிப் பார்க்கப் போதுமானதாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.