ஆடும் புளோயர்: ஆபத்தும் தொழிலாளியின் உரிமையும்

பாய்லரிலிருந்து புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன், அரிசி ஆலையில் தூசியை உறிஞ்சும் புளோயர், நூற்பாலையில் பஞ்சுத் தூசியை இழுக்கும் விசிறி என எதுவானாலும், உள்ளே சுழல்வது இம்பெல்லர். அதன் எடை ஷாஃப்டைச் சுற்றிச் சீராகப் பரவியிருக்கும்வரை ஓட்டம் அமைதியாக இருக்கும். ஒரு பக்கம் சற்றே கனத்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும் இம்பெல்லரில், மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 50 கிராம் சாம்பல் அதிகமாக ஒட்டியிருந்தால், ஏறத்தாழ 60 கிலோ எடைக்குச் சமமான விசை வினாடிக்கு 25 முறை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

சாம்பல் ஒட்டுவதைவிட, ஒட்டியது ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து விழுவதுதான் பெரும்பாலும் திடீர் ஆட்டத்துக்குக் காரணம். தூசி அரித்துப் பிளேடு ஒரு பக்கம் மெலிவதும், மெலிந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டுச் சமன் பார்க்காமல் ஓட்டுவதும் அடுத்த காரணங்கள். உள்கூடான பிளேடுகளில் வெல்டிங் விரிசல் வழியே நீரோ தூசியோ புகுந்து தங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

"அது எப்பவும் அப்படித்தான் ஆடும்" என்று விட்டுவிடும் பழக்கம்தான் மிகவும் அஞ்ச வேண்டியது. பேரிங்கின் மேல் பளு இரு மடங்கானால், பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இது பண நட்டம். பிளேடின் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு தொடங்கி, ஓடும்போதே பிளேடு பிய்ந்தால் அது கேசிங்கைக் கிழித்துக்கொண்டு வரக்கூடும். அப்போது பக்கத்தில் நிற்பவரின் உயிரே கேள்விக்குறியாகிவிடும்.

எவ்வளவு ஆட்டம் அதிகம் என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான அடித்தளத்தில் நிற்கும் பொதுவான ஆலை விசிறிகளுக்கு ஐஎஸ்ஓ 14694 தரம் எல்லை வகுத்திருக்கிறது. புதிதாக ஓடவிடும்போது அதிர்வின் வேகம் வினாடிக்கு 4.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 7.1-ஐ எட்டினால் அது எச்சரிக்கை, 9-ஐ எட்டினால் நிறுத்திவிட வேண்டும். இம்பெல்லரைச் சமன் செய்வதற்கான ஜி 6.3 நிலையின்படி, மேலே சொன்ன 1,480 சுற்று வேகத்தில் ஓடும் 100 கிலோ இம்பெல்லரில் அரை மீட்டர் தூரத்தில் மிஞ்சக்கூடிய கனம் சுமார் 8 கிராம்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் பேலன்சிங் மருந்தாகாது. அடித்தள போல்ட் தளர்வு, பேரிங் தேய்மானம், மோட்டாரும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாமை ஆகியவற்றை முதலில் பார்த்து, இம்பெல்லரைச் சுத்தம் செய்த பிறகே எடை கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். கருவியில் பார்த்தால், சமனின்மையால் வரும் அதிர்வு சுழலும் வேகத்தின் அதே அதிர்வெண்ணில் மேலோங்கி நிற்கும். இடத்திலேயே சமன் செய்யும்போது முதலில் அதிர்வின் அளவையும் கோணத்தையும் குறிப்பார்கள். பிறகு ஒரு சோதனை எடையைக் கட்டி ஓட்டி, மாற்றத்தைக் கணக்கிட்டு, உரிய இடத்தில் உரிய எடையை வெல்டிங் செய்வார்கள்.

விபத்துகள் இந்த வேலையிலேயே பதுங்கியிருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகும், புகைபோக்கியின் இழுப்பில் இம்பெல்லர் தானாகச் சுழலக்கூடும். அதனால் டேம்பரை மூடி, இம்பெல்லரை அசையாமல் கட்டிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சோதனை எடை இறுக்கமாக இல்லாவிட்டால் தோட்டாவைப் போலப் பறக்கும். ஆகவே ஓட்டும்போது இம்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. வெல்டிங்கின் எர்த் கிளாம்பை இம்பெல்லரிலேயே மாட்ட வேண்டும். வெளிச்சட்டத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதைப் பொத்தலாக்கும். ஆட்டத்தைக் குறைக்கச் செய்த வேலையே அடுத்த ஆட்டத்துக்கு விதையாகிவிடும்.

தொழிலாளிக்கு இதில் சட்டப்படி குரல் உண்டு. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், பாதுகாப்புக் குறைவை ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடவும் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தம் சேர்த்த 111-ஏ பிரிவு இடம் தந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பின் 14-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால், நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். ஆபத்து இல்லை என்று நிர்வாகம் கருதினாலும், விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும், முடிவு அவருடையது. தமிழ்நாட்டில் முறையிட வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். எந்த விசிறி, எந்தத் தேதி, அளவீடு எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்ற நகலை வைத்துக்கொள்வது வாய்ப்பேச்சைவிட வலுவானது.

காயம் நேர்ந்தால், ஈ.எஸ்.ஐ. பதிவுள்ளவருக்கு மருத்துவமும் உதவித்தொகையும் அங்கிருந்து கிடைக்கும். பதிவு இல்லாதவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த ஆள் என்று சொல்லி ஆலை கைகழுவ முடியாது. ஆலையின் வழக்கமான தொழிலைச் சேர்ந்த வேலையில் அடிபட்டால் முதன்மை முதலாளியே பொறுப்பு என்பது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து தொடரும் நிலை.