காவல்காரரை ஏமாற்றும் கரும்புள்ளி



குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா கேட்டார்: "நோயை எதிர்க்கிற சக்தி உடம்புலயே இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் புற்றுக்கட்டி எப்படி வளருது?" நல்ல கேள்வி. தோல் புற்றுநோயை வைத்தே பதில் பார்ப்போம்.

நம் உடம்பில் உள்ள செல்கள் 'வளரு', 'நில்லு', 'உதவிக்கு வா' என்று ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை உண்டு. இதுதான் காவல்காரர். ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்து, கெட்டுப்போனதை அழித்துவிடும்.

நல்ல செல்லையும் தாக்கிவிடக் கூடாதே! அதற்காக டி செல்லின் மேல் 'பிடி-1' என்ற பிரேக் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்லில் வருகிற 'மெலனோமா' புற்றுநோய் இந்தப் பிரேக்கைத்தான் அமுக்குகிறது. "நான் நம்ம ஆளுதான், போ" என்று பொய்ச் செய்தி கொடுக்கிறது. காவல்காரர் பக்கத்தில் இருந்தும் சும்மா நிற்பார். சில கட்டிகள் அவரைக் கூப்பிடும் செய்தியையே நிறுத்திவிடும். அவர் உள்ளே வரவே மாட்டார்.

இந்தப் பிரேக்கை விடுவிக்க இப்போது மருந்து உண்டு. இதற்கு வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சோடு இந்த மருந்தும் கொடுத்தார்கள். 2024-ல், 100 வயதில்தான் காலமானார்.

ஆனால் எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. விலையும் மிக அதிகம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வெட்டி எடுத்தாலே பெரும்பாலும் குணமாகும்.

நம் நிறத்தவருக்கு மெலனோமா வருவது குறைவு. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவதுதான் அதிகம். முள் குத்தின தழும்பு, கால் ஆணி என்று விட்டுவிடுகிறோம்.

கவனிக்க வேண்டியவை:

* உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கரும்புள்ளி
* ஓரம் கோணலாகி, நிறம் மாறும் மச்சம்
* நகத்தில் அகலமாகும் கருப்புக் கோடு
* வாரக்கணக்கில் ஆறாத புண். பழைய தீக்காயத் தழும்பில் வரும் புண்

பிளேடால் கீறாதீர்கள், சுண்ணாம்பு, ஆசிட் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பது தவறு. சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். இது ஒட்டுகிற நோயும் அல்ல.

நம் உள்ளங்காலை நாமே பார்ப்பது சிரமம். அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர் பாதத்தை ஒருவர் பார்ப்போமா?