கண்ணாடிக் கலமும் மண்ணின் சான்றும்

கண்ணாடி உடைந்தாலும் வீணாவதில்லை; மீண்டும் உருக்கிப் புதுக்கலம் ஆக்கலாம். அதனாலேயே பழங்காலக் கண்ணாடிக் கலங்கள் முழுமையாகக் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வரியவற்றுள், இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் பருகுகலங்கள் குறிப்பிடத்தக்கன.

அவற்றுள் ஒருவகை, வளைந்த நகங்கள் போன்ற புடைப்புகளைப் பக்கங்களில் கொண்டது. ஊதி உருவாக்கிய கலத்தின்மேல் சுடுகண்ணாடிக் குழம்பின் ஒரு துளியை ஒட்டுவர். அதன் வெப்பத்தால் கலத்தின் சுவர் அவ்விடத்தில் மட்டும் இளகும். மீண்டும் ஊத, இளகிய பகுதி வெளியே புடைக்கும். அதனைக் கீழ்நோக்கி இழுத்து நுனியை ஒட்டுவர். புடைப்பு உள்ளீடற்றதாகலின் பானம் அதனுள்ளும் நிறையும். டர்ஹாம் பகுதியின் காசில் ஈடன் என்னுமிடத்தில் 1775இல் கிடைத்த இவ்வகைக் கலம் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இறந்தவருடன் புதைக்கப்பட்டமையே அதனைக் காத்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியதை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு உரைக்கிறது. கண்ணாடிக் கலத்தைப் பற்றி அப்பாட்டில் பேச்சில்லை. ஆயினும் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. வரிவரியான புடைப்புகளே அக்கிண்ணங்களின் அழகு. இலக்கியம் சொல்லாது விட்டதை மண் சொல்லிற்று.

அரிக்கமேடு மக்கள் வாழ்ந்து தொழில் புரிந்த துறைமுகம். உடைந்தவை அங்கே துண்டுகளாகவே எஞ்சின. அவ்வூர்த் தொழிலாளர் கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, சூட்டில் முனை மழுக்கி மணிகளாக்கினர். கிண்ணம் கடல் கடந்து வந்தது. மணி நம்மவர் கைவண்ணம்.

சிட்லபாக்கத்திற்கு அணித்தான பல்லாவரத்திலும் பெருங்கற்கால மக்கள் சுடுமண் ஈமப்பேழைகளில் இறந்தோரை அடக்கம் செய்தனர். அம்மண்ணின்மீதே இன்று நம் புறநகர் வீடுகள் எழுகின்றன. கடைக்கால் தோண்டுகையில் வெளிப்படும் ஓட்டுத்துண்டு குப்பையோடு குப்பையாகப் போய்விடின், அது சொல்லவந்த செய்தியும் உடன் போய்விடும். எடுத்த இடமும் ஆழமும் தெரிந்தாலன்றி எத்துண்டும் முழுச்சான்று ஆகாது. ஆகவே, பழம்பொருள் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, இருந்த இடத்திலேயே அதனை விட்டுவைத்து, தொல்லியல் துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். ஏட்டைப் போற்றும் தமிழ் மாணாக்கர் ஓட்டையும் போற்றக் கற்பாராக!