லேபிளை மறைச்சுக் கொடுத்தா கண்டுபிடிக்க முடியுமா? ஒயின் நிபுணர்களையே குழப்பும் ஜெர்மன் திராட்சை!

பாட்டிலைத் துணியால் மூடி, ஒயினை மட்டும் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்கள். நிறம், மணம், சுவையை வைத்தே அது எந்த திராட்சை என்று சொல்லணும். இதுதான் 'பிளைண்ட் டேஸ்டிங்'. இதில் பலரையும் குழப்பக்கூடிய சிவப்பு திராட்சை, 'ரீஜெண்ட்'. ஏன் தெரியுமா?

ரீஜெண்ட் உருவானது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன சாம்பல் நோயும், அடிச்சாம்பல் நோயும் அங்குள்ள திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடின. அன்று தொடங்கிய கந்தகம், தாமிர மருந்துத் தெளிப்பு இன்றும் தொடர்கிறது.

அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளுக்கு இந்த நோய்களைத் தாங்கும் சக்தி உண்டு. அதனால் இரண்டையும் கலந்து புது ரகங்கள் உருவாக்கப்பட்டன. ஜெர்மனியின் கைல்வைலர்ஹோஃப் ஆய்வு நிலையத்தில், 1967-ல் கெர்ஹார்ட் அல்லெவெல்ட் 'டயானா', 'ஷாம்பூர்சான்' ரகங்களைக் கலந்ததில் பிறந்ததுதான் ரீஜெண்ட். ஷாம்பூர்சான் வழியாக அமெரிக்க இனத்தின் எதிர்ப்பு சக்தி இதற்கு வந்தது.

குழப்பம் எங்கே?

கலப்பு ரகம்னாலே ஒருவித காட்டு வாடை அடிக்கும் என்பது பலரின் நினைப்பு. சில அமெரிக்க இனங்களில் அது உண்மைதான். ஆனா ரீஜெண்டில் அந்த வாடை தெரியாது. அடர் சிவப்பு நிறம், செர்ரி, கருந்திராட்சை மணம், மிதமான புளிப்பு, துவர்ப்பு. இதெல்லாம் மெர்லோ, டோர்ன்ஃபெல்டர் ஒயின்களிலும் இருப்பதால், அந்தப் பெயர்களைச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஆய்வகம் உதவும். ஐரோப்பிய திராட்சையின் சிவப்பு நிறமியில் ஒரு சர்க்கரை மூலக்கூறுதான் ஒட்டியிருக்கும். அமெரிக்க இனம் கலந்த பல ரகங்களில் இரண்டு இருக்கும். இதை நாக்கால் உணர முடியாது. கொடியின் இலையை டிஎன்ஏ சோதனை செய்தால் ரகமே தெரிந்துவிடும்.

இதனால் யாருக்கு லாபம்?

தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என வரம்பு வைத்துள்ளது. ரீஜெண்டுக்கு மருந்தே வேண்டாம் என்றில்லை. ஆனால் தெளிக்கும் தடவைகள் குறையும். செலவும் மிச்சம், மண்ணுக்கும் நல்லது.

விவசாயிக்கு இருக்கும் ஒரே கவலை, 'கலப்பு' என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர் ஒதுக்கிவிடுவாரோ என்பதுதான். லேபிளை மறைத்ததும் வித்தியாசம் தெரியலைன்னா, அந்த ஒதுக்கலுக்குக் காரணம் சுவை இல்லை, பெயர்தான்!

(மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு)