உருவம் வரையும் மின்னழுத்தம்

ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே பெரியது. முதல் விந்தணு சேர்ந்ததுமே அதன் சவ்விலுள்ள குளோரைடு கால்வாய்கள் திறந்துகொள்கின்றன. குளோரைடு அயனிகள் வெளியே பாய, எதிர்மின்னில் இருந்த முட்டையின் உட்புறம் நொடிகளில் நேர்மின்னுக்கு ஏறிவிடும். அதன்பின் இன்னொரு விந்தணுவால் உள்ளே வர முடியாது. தவளையின் வாழ்க்கை அயனிக் கால்வாய்களின் வேலையோடுதான் தொடங்குகிறது.

அயனிக் கால்வாய் என்பது செல்சவ்வை ஊடுருவி நிற்கும், நடுவில் துளையுள்ள ஒரு புரதம். சவ்விலுள்ள பம்புப் புரதம் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடி இருக்கிறது. சேர்ந்த பொட்டாசியம் தன் கால்வாய் வழியே வெளியே கசிய, செல்லின் உட்புறம் எதிர்மின் அடைகிறது. எந்தக் கால்வாய்கள் திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த மின்னழுத்தம் செல்லுக்குச் செல் மாறும். நரம்பும் தசையும் இயங்குவது இதனால்தான். நரம்பே உருவாகாத கருவில் இதற்கு என்ன வேலை?

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனி ஆடம்ஸ், மைக்கேல் லெவின் குழுவினர் மின்னழுத்தத்துக்கேற்ப ஒளிரும் சாயமேற்றித் தவளைக் கருக்களைப் படமெடுத்தார்கள். 2011இல் வெளியான அந்தப் பதிவில், கண்ணோ வாயோ தோன்றாத வெறும் பரப்பில் அவை வரவிருக்கும் இடங்கள் முன்கூட்டியே ஒளிவேறுபாடாகத் தெரிந்தன. அந்த மின்கோலத்தைக் குலைத்தால் முகமும் கோணலாக வளர்ந்தது.

2012இல் அதே ஆய்வகம் இன்னும் ஆழமாகப் போனது. கண் உருவாகும் இடத்துச் செல்களில் எதிர்மின்னழுத்தம் சுற்றியுள்ளவற்றைவிட அதிகம். அதைக் குறைத்தபோது கண் சிதைந்தது. கால்வாய்ப் புரதங்களுக்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, அதே அழுத்தத்தை வேறிடத்துச் செல்களில் உண்டாக்கியபோது, தலைப்பிரட்டையின் குடலிலும் வாலிலும்கூடக் கண் முளைத்தது! அழுத்தம் மாறினால் செல்லுக்குள் வரும் கால்சியத்தின் அளவு மாறுகிறது. அதன் வழியாகவே கண்ணுக்கான மரபணுக்களுக்குச் செய்தி போகிறது.

இது மனிதர்களுக்கும் நெருக்கமான விஷயம். ஆண்டர்சன்–டாவில் நோய்க்குறியில் ஒரு பொட்டாசியம் கால்வாயின் மரபணு பழுதுபடுகிறது. தசைவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் வருவதோடு, பிறக்கும்போதே கண்கள் விலகியும் தாடை சிறுத்தும் இருக்கலாம்.

பழுதைச் சரிசெய்யவும் வழி தெரிகிறது. நிகோட்டினால் மூளை கெட்ட தவளைக் கருக்களில் ஓர் அயனிக் கால்வாயைக் கூடுதலாகச் சேர்த்து, மூளை இயல்பாக வளர்வதை 2018இல் லெவின் குழு காட்டியது. அயனிக் கால்வாய்களைத் திறக்கும் அல்லது அடைக்கும் மருந்துகள் பல, வலிப்புக்கும் இதய நோய்க்கும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. பிறவிக் குறைபாடுகளை ஆராய்பவர்கள் மரபணுவோடு மின்னழுத்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.